நிற்கத் தெரிந்த சேவல்

நாமக்கல் மாவட்டத்தில் கோடிக்கணக்கில் கோழி உண்டு, சேவல் கிடையாது. முட்டைப் பண்ணைக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. தரையிலிருந்து தூக்கிக் கட்டிய நீளக் கொட்டகை, வரிசை வரிசையாகக் கம்பிக் கூண்டு, கூண்டுக்குள் வெள்ளை லெகார்ன் வழிவந்த கோழிகள், போட்ட முட்டை தானாக உருண்டு வந்து நிற்கச் சரிவான கம்பித் தளம். அத்தனையும் பெட்டை. முட்டை போடச் சேவல் தேவையில்லை என்பதால், குஞ்சு பொரிப்பகத்திலேயே, ஓட்டை உடைத்து வெளியே வந்த அன்றே ஆணைப் பிரித்துக் கழித்துவிடுவார்கள். அப்பா பரமத்தி பக்கம் ஒரு பண்ணையில் தீவனக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், கிளிஞ்சல் எல்லாம் கலந்த வாடை அவர் சட்டையில் எந்நேரமும் இருக்கும். சேவல் என்ற பேச்சே அவரிடம் வராது. "எழுவத்திரண்டு வாரம் வரைக்கும் கோழி, அப்புறம் கறி" என்பார்.

சேவலெல்லாம் அம்மாவின் அப்பா, அப்புச்சி வீட்டில்தான். பரமத்தி வேலூரில், காவிரிப் பாசனத்தில் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையுமாக இருந்த ஊர்ப்புறம். பாலத்தைத் தாண்டினால் கரூர் மாவட்டம். அப்புச்சி கொடிக்கால் வேலை போக மீதி நேரமெல்லாம் கட்டுச்சேவல் வளர்த்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு முளைக்குச்சி, ஒரு காலில் கயிறு, ஒன்றுக்கொன்று எட்டாத தூரம். கம்பும் கேழ்வரகும் ஊறவைத்துப் போடுவார். வாய்க்காலில் இறக்கி நீந்தவிடுவார். மாலையில் வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து நெஞ்சுக்கும் தொடைக்கும் ஒத்தடம். எங்களில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அவ்வளவு கவனிப்பு கிடைத்ததில்லை என்று அம்மாயி முணுமுணுப்பாள்.

நான் சொல்ல வந்தது இன்னொரு சேவலைப் பற்றி. அதன் பெயர் பிளேசிகன். போக்கிமான் விளையாட்டில் வருவது. ஆள் உயரத்துக்குச் சிவப்புச் சேவல், மணிக்கட்டிலிருந்து நெருப்பு, சண்டையெல்லாம் காலால். நெருப்பு, சண்டை என இரண்டு வகை அதற்கு. சண்டைச் சேவலைப் பார்த்துத்தான் இதை வரைந்திருக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்து ஆள் எவரும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

அந்த விளையாட்டு ஓடுகிற கேம் பாய் கருவியைக் கடையில் கண்ணால் பார்த்த ஆள் எங்கள் ஊரில் யாரும் இல்லை. பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் எமுலேட்டர் போட்டு, யாரோ இறக்கி வைத்த திருட்டு நகலில்தான் விளையாடினோம். 2002 நவம்பரில் ஜப்பானில் வெளிவந்த ரூபி என்ற பாகம் எங்கள் கைக்கு வர நாலைந்து வருஷம் ஆகிவிட்டது. ஆட்டம் தொடங்கியதும் பேராசிரியரின் பையில் மூன்று பந்துகள். பச்சைப் பல்லி ஒன்று, நீலச் சேற்றுமீன் ஒன்று, ஆரஞ்சு நிறக் கோழிக்குஞ்சு ஒன்று. டார்ச்சிக் என்ற அந்தக் குஞ்சைத்தான் எடுத்தேன். பிறகுதான் தெரிந்தது, டார்ச்சிக் எட்டு பிறந்தால் ஏழு சேவலாக இருக்கும்படி அந்த ஆட்டத்தில் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று. அப்பா வேலை பார்த்த உலகத்தின் நேர் தலைகீழ்.

2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தது. நாமக்கல்லில் கோழிக்கு ஒன்றும் இல்லை, ஆனால் வாங்க ஆளில்லாமல் முட்டை தேங்கி விலை விழுந்தது. அப்பா சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிடுவார், பிரவுசிங் சென்டருக்குக் காசு கேட்டால் முறைப்பார். அந்தக் கோடையில் பாதி நாள் அடுத்தவன் விளையாடுவதைப் பின்னால் நின்று பார்த்தேன். பின்னால் நிற்பவனுக்கு ஆட்டம் நன்றாகவே தெரியும்.

சிறுவயதில் ஆடிய கதை ஆட்டத்தில் தந்திரம் ஒன்றும் பெரிதாகத் தேவைப்படாது. முதல் கோட்டையில் பாறை வகை உருப்படிகள் நிற்கும், நெருப்புக் குஞ்சின் பாச்சா பலிக்காது. பதினாறாம் லெவல் வரை வளர்த்துக் கம்பஸ்கன் ஆக்கிவிட்டால் இரட்டை உதை வரும், பாறை உடையும். முப்பத்தாறில் பிளேசிகன். அப்புறம் எதிரில் வருவதையெல்லாம் எரித்துக்கொண்டே போகலாம். எதிரில் இருப்பது கம்ப்யூட்டர். அதற்கு நம் முகம் தெரியாது, பயம் தெரியாது.

உண்மையான ஆட்டம் சேலத்தில் பொறியியல் படிக்கப் போனபோதுதான் ஆரம்பித்தது. ஆஸ்டலில் லேப்டாப்புகள், ராத்திரி பத்துக்கு மேல் எப்படியோ வேலை செய்கிற இன்டர்நெட். போக்கிமான் ஷோடவுன் என்ற பக்கம் 2011-ல் வந்திருந்தது. அதில் பிரவுசரிலேயே இரண்டு பேர் மோதலாம். குஞ்சு பொரிக்க வேண்டாம், வளர்க்க வேண்டாம், காசும் வேண்டாம். வேண்டிய ஆறு உருப்படியைப் பட்டியலிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நாலு அடி, ஒரு பொருள், ஒரு சுபாவம் தேர்ந்துகொண்டு களத்தில் இறங்க வேண்டியதுதான். ஆத்தூர்க்காரன் ஒருவன், எடப்பாடிக்காரன் ஒருவன், திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் ரிக் வண்டிக்காரர் மகன் ஒருவன், நான். எங்கள் அறையில் கட்டில்களுக்கு நடுவே இருந்த சந்துதான் களம்.

இதே சமயத்தில்தான் பிளேசிகனுக்கு யோகம் அடித்தது. 2010-ல் ஜப்பானில் வெளிவந்த ஐந்தாம் தலைமுறை ஆட்டத்தில் ஒவ்வொரு உருப்படிக்கும் மறைவாக ஒரு திறனைச் சேர்த்தார்கள். பிளேசிகனுக்குக் கிடைத்தது ஸ்பீடு பூஸ்ட். களத்தில் ஒரு டர்ன் முடியும்போதெல்லாம் அதன் வேகம் ஒரு படி தானாக ஏறும். ஆறு படி வரை ஏறலாம்.

இது ஏன் பெரிய விஷயம் என்று புரிய, அதன் எண்களைப் பார்க்க வேண்டும். பிளேசிகனின் தாக்கும் பலம் 120, வேகம் 80. முதல் எண் பயங்கரம், இரண்டாவது சுமார். வேகத்தில் முந்துபவன் முதலில் அடிப்பான் என்பதே இந்த ஆட்டத்தின் அடிப்படைச் சட்டம். முதலில் அடிப்பவன் ஒரே அடியில் சாய்த்துவிட்டால் எதிராளியின் அடி விழவே விழாது. எனவே 80 வேகத்தில் இருப்பது எவ்வளவு அடித்தாலும் அடி வாங்கித்தான் அடிக்க வேண்டும். அதுவும் தடுப்பு 70. தண்ணீர், மண், பறவை, மனோசக்தி நான்கும் அதற்கு இருமடங்கு வலிக்கும்.

நூறாம் லெவலில், வேகத்துக்கு முழுப் பயிற்சி கொடுத்தால் அந்த 80 என்பது 259 ஆகிறது. ஒரு படி ஏறினால் ஒன்றரை மடங்கு: 388. அலக்கசாம் என்ற மந்திரக்காரன் ஓடுகிற அதிகபட்சம் 372. அவனை முந்தியாயிற்று. ஜோல்டியான் என்ற மின்னல் நரி 394. ஆறே ஆறு குறைவு. அந்த ஆறுக்காக நாங்கள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. வேகத்தைக் கூட்டும் சுபாவம் கொடுத்தால் 426 வரும், ஜோல்டியானும் பின்னால் போய்விடும். ஆனால் தாக்கும் பலம் 372 ஆக வேண்டியது 339-ல் நின்றுவிடும். எடப்பாடிக்காரன் வேகக் கட்சி. நான் பலக் கட்சி. இன்னொரு டர்ன் நின்றால் என் சேவல் 518-ல் ஓடும். வேகம் கூட்டும் கழுத்துத்துணி கட்டிய கார்சாம்பே 499தான். ஒரு டர்ன் கூடுதலாக நிற்க இடம் கண்டுபிடிக்க முடியாதவன்தான் சுபாவத்தை மாற்றுவான் என்பது என் வாதம். இன்றைக்கும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

ஆக, கேள்வி எல்லாம் அந்த ஒரு டர்ன் எங்கே கிடைக்கும் என்பதுதான். அதற்கு ப்ரொடெக்ட். அடியே இல்லை அது, ஒரு மறைப்பு. அந்த டர்ன் முழுக்க எதிராளி எதை வீசினாலும் மேலே படாது. அடுத்தடுத்துப் போட்டால் பலிக்கிற வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும், முதல் தடவை மட்டும் உறுதி. சேவலை உள்ளே விட்டதும் ப்ரொடெக்ட். எதிராளியின் அடி வீண், நமக்கு ஒரு படி வேகம் இலவசம், போதாததற்கு அவன் கையில் என்ன இருக்கிறது என்றும் தெரிந்துபோகும். நாலு அடிகளில் ஒன்றை இப்படி அடிக்காத அடிக்குக் கொடுப்பது புதிதாக ஆடுபவர்களுக்குப் பொறுக்காது. ஹை ஜம்ப் கிக், ஃபிளேர் பிளிட்ஸ், ஸ்டோன் எட்ஜ், ஸ்வார்ட்ஸ் டான்ஸ் என்று நாலும் வெட்டும் குத்துமாக நிரப்பிக்கொண்டு வருவார்கள். நாலையும் காட்டுவதற்குள் சேவல் படுத்துவிடும்.

ஒரு பொங்கல் லீவில் அப்புச்சி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஆடிக்கொண்டிருந்தேன். அப்புச்சி வெற்றிலையைத் தொடையில் துடைத்துக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்.

"இதென்ன, சாவலா சாமி?"

"ஆமாங் அப்புச்சி."

"காலு நல்ல காலு. ரெக்கையத்தான் காணோம்." சுண்ணாம்பைத் தடவினார். "அவன் மேல வந்து அடிக்கிறான், இது ஏன் சும்மா நிக்குது?"

ப்ரொடெக்ட் விஷயத்தைச் சொன்னேன். நிற்க நிற்க வேகம் கூடும் என்றேன். எண் எல்லாம் சொல்லவில்லை. அவர் தலையாட்டினார். அவரிடம் இருந்த சேவல்களில் விட்ட உடனே பறந்து அடிக்கிறவை உண்டு, நின்று எதிராளியைப் பறக்கவிட்டு இறங்கும்போது வாங்குகிறவை உண்டு. பறப்பதற்குப் பார்வையாளர் கூட்டம் கூடும், கைதட்டல் கிடைக்கும். அப்புச்சி காசு கட்டுவது நிற்பதன் மேல்தான். "மொதத் தண்ணி வரைக்கும் நின்னுருச்சுன்னா அப்புறம் அதுக்கு எதுத்தாப்புல எவனும் நிக்க முடியாது" என்றார். சண்டையின் இடைவெளியில் சேவலைத் தூக்கி, வாயில் தண்ணீர் வைத்து அதன் முகத்தில் ஊதி, ஈரத்துணியால் துடைத்து மறுபடி விடுவார்களே, அந்த இடைவேளையைத்தான் சொன்னார்.

ஆட்டம் தொடர்ந்தது. எதிராளி ஒரு நீர் உருப்படியை இறக்கினான். நான் பிளேசிகனை உள்ளே இழுத்துக்கொண்டு வேறொன்றை விட்டேன். அப்புச்சி வெற்றிலை மெல்வதை நிறுத்தினார்.

"எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கலாங்க. ஆனா சேர்த்து வெச்ச வேகமெல்லாம் போயிரும். மறுபடி மொதல்ல இருந்து."

"மறுபடி விடலாமா?"

"விடலாங்க."

அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். சேவற்கட்டில் அந்தத் தண்ணி இடைவேளை தவிர, களத்தில் விட்ட சேவலைக் கையில் தூக்கினால் தோற்றதாக அர்த்தம். தோற்ற சேவலுக்குக் கோச்சை என்று பெயர், அது ஜெயித்தவன் வீட்டுக் குழம்புக்குப் போகும். ஆற்றுக்கு அக்கரையில், அரவக்குறிச்சிப் பக்கம் பூலாம்வலசில் பொங்கலுக்குப் பொங்கல் நடக்கும் கட்டில் அவர் கோச்சையாகக் கொடுத்துவிட்டு வந்தவற்றின் நிறமும் பெயரும் அவருக்கு வரிசையாக ஞாபகம் இருந்தது. 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி விலங்குகளை மோதவிடுவதே குற்றம். நீதிமன்றத் தடை ஒரு வருஷம், அனுமதி ஒரு வருஷம் என்று அது ஓடிக்கொண்டிருந்தது. காலில் கட்டிய கத்தி பாய்ந்து மனிதர்களே செத்ததும் உண்டு. அப்புச்சி வெற்றுக்கால் கட்டுக்காரர். கத்தி கட்டுபவர்களைச் 'சூதாடிகள்' என்பார். பந்தயப் பணம் இரண்டிலும்தான் கைமாறியது, அதை அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

அந்த லீவு முழுக்க அவர் திரையை விடவில்லை. யார் யாரோடு மோதினால் யார் கை ஓங்கும் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டே இருப்பார். நெருப்பு புல்லை எரிக்கும், புல் தண்ணீரைக் குடிக்கும், தண்ணீர் நெருப்பை அணைக்கும் என்று தொடங்கி அப்போதிருந்த பதினேழு வகைகளின் உறவையும் சொல்லிக்கொண்டு போனேன். பாதியிலேயே, "பஞ்சபட்சி மாதிரி" என்றார்.

பஞ்சபட்சி சாஸ்திரத்தில் ஐந்து பறவைகள்: வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில். பகல் ஐந்து ஜாமம், இரவு ஐந்து ஜாமம், ஜாமத்துக்கு ஆறு நாழிகை. ஒவ்வொரு ஜாமத்திலும் ஒவ்வொரு பறவைக்கு ஒரு தொழில்: ஊண், நடை, அரசு, துயில், சாவு. வளர்பிறைக்கு ஒரு வரிசை, தேய்பிறைக்கு வேறு வரிசை. சேவற்கட்டுக்காரர்கள் சேவலின் நிறத்தைப் பார்த்து இது காகம், இது வல்லூறு என்று பிரித்துக்கொண்டு, தன் சேவல் அரசிலும் எதிராளியின் சேவல் துயிலிலோ சாவிலோ இருக்கிற நேரமாகப் பார்த்துக் களத்துக்குப் போவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை வந்ததில்லை. இரண்டு தரப்பும் ஒரே சாஸ்திரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தால் சண்டை எப்போது நடக்கும் என்று அவரிடமே கேட்டிருக்கிறேன். "அதுக்குத்தான் ஜோடி போடவே மத்தியானம் ஆயிருது" என்றார், சிரிக்காமல். ஆனால் அவர் தொட்ட இடம் சரியானது. பிளேசிகன் நல்ல சேவலா என்ற கேள்விக்கு அர்த்தமே இல்லை. எந்த ஜாமத்தில் விடுகிறாய் என்பதுதான் கேள்வி.

அந்த ஜாமத்தை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம் என்பது சாஸ்திரத்தில் இல்லாத ஒன்று, ஆட்டத்தில் உண்டு. ஐந்தாம் தலைமுறையில் மோதலுக்கு முன்பே இரண்டு பேரின் ஆறு உருப்படிகளும் எதிரெதிரே காட்டப்படும். ஆத்தூர்க்காரன் அணியில் எப்போதும் ஜெல்லிசென்ட் என்ற சொறிமீன் ஒன்று இருக்கும்: தண்ணீரும் பேயும் கலந்தது. பிளேசிகனுக்கு இதைவிட மோசமான ஜோடி அமையாது. நெருப்பு அதன்மேல் பாதிதான் ஏறும். உதை பேயின் ஊடாகப் போய்விடும். ஹை ஜம்ப் கிக் குறி தவறினால் உதைத்தவன் தரையில் விழுந்து தன் உயிரில் பாதியை இழப்பான், பேயை உதைத்தாலும் அதே கதிதான். எனவே சொறிமீன் உயிரோடு இருக்கிற வரை சேவலைக் கூண்டை விட்டு வெளியே எடுக்கவே கூடாது. டைரனிடார் என்ற பாறை மிருகத்தை விட்டு, சொறிமீன் பயந்து உள்ளே ஓடும்போது பின்னாலிருந்து பர்சூட் அடியால் இரட்டை வலியாகக் கடித்து முடிக்க வேண்டும். இது பலிக்கப் பத்துப் பதினைந்து டர்ன் ஆகும். அதுவரை ஆட்டம் பார்க்கவே சலிப்பாக இருக்கும். மற்ற ஐந்தும் மாறி மாறி அடி வாங்கிக்கொண்டு, உள்ளே ஒன்று முழு உயிரோடு காத்துக்கொண்டிருக்கும். ஆத்தூர்க்காரனுக்கும் அது தெரியும். தெரிந்ததால் சொறிமீனை வெளியே விடவே தயங்குவான். விடாத சொறிமீனும் செத்த சொறிமீனும் ஏறக்குறைய ஒன்றுதான்.

குறுந்தொகையில் குப்பைமேட்டில் விலக்குவார் இல்லாமல் தாமாகவே சண்டை போட்டுக்கொள்ளும் கோழிகளை உவமை சொன்னவருக்குக் குப்பைக்கோழியார் என்றே பெயர் நின்றுவிட்டது. எங்கள் அறைச் சண்டையும் அந்த ரகம். விலக்க ஆளில்லை, பார்க்கவும் ஆளில்லை. வார்டன் லைட்டை அணைத்த பிறகு நாலு முகங்களில் திரை வெளிச்சம். அடி விழுகிற சத்தம்கூட இல்லை, ஹெட்போனைக் கழற்றியிருப்போம்.

ஒரு ராத்திரி திருச்செங்கோட்டுக்காரன் என் சேவலுக்கு எதிராகத் தானும் ஒரு பிளேசிகனை இறக்கினான். இரண்டும் ஒரே நேரத்தில் களத்துக்கு வந்தன. இரண்டுக்கும் உயிர் 301. அவனும் நானும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில். அவன் மூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது. அவனுக்குப் பொறுமை கிடையாது என்பது ஊரறிந்த விஷயம். மெஸ்ஸில் பூரி வருவதற்குள் சாம்பாரைக் குடித்துவிடுகிற ஆள். ப்ரொடெக்ட் போட்டேன். அவன் ஹை ஜம்ப் கிக் கொடுத்தான். அவன் சேவல் எம்பி வந்து, மறைப்பில் மோதிக் கீழே விழுந்தது. 150 போயிற்று. இரண்டு பேருக்கும் வேகம் ஒரு படி ஏறியது. அடுத்த டர்னில் அவன் நிச்சயம் ப்ரொடெக்ட் போடுவான். அடி வாங்கியவன் அடுத்து ஒளிவான், அது கட்டிலில் புரண்டு படுத்த விதத்திலேயே தெரிந்தது. நான் உதைக்கவில்லை. உதைத்திருந்தால் என் சேவலும் விழுந்திருக்கும். ஸ்வார்ட்ஸ் டான்ஸ் போட்டேன். அவன் மறைந்து நிற்க, என் தாக்கும் பலம் 744-க்குப் போனது. அதற்கப்புறம் அவனிடம் எஞ்சியிருந்த எதுவும் நிற்கவில்லை. அவன் லேப்டாப்பை மூடிவிட்டு, "நீ விளையாடறது கேமே இல்லடா, கல்யாணப் பேச்சுவார்த்தை" என்றான்.

எண்கள் எல்லாம் எல்லோருக்கும் ஒன்றுதான். கணக்கை யாரும் போட்டுவிடலாம், போடுவதற்குக் கருவியே இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவன் சாம்பாரைக் குடிக்கிறவனா, பூரிக்காகக் காத்திருப்பவனா என்பதற்குக் கருவி இல்லை. அப்புச்சி எதிராளியின் சேவலைப் பார்ப்பதைவிட அதைக் கையில் பிடித்திருப்பவனை அதிகம் பார்ப்பார். சேவலை இறுக்கிப் பிடித்திருந்தால் பயப்படுகிறான் என்பார்.

கொஞ்ச நாளில் எங்கள் அறையில் பிளேசிகனுக்குத் தடை வந்தது. மூன்று பேர் சேர்ந்து தீர்மானம் போட்டார்கள், நான் சிறுபான்மை. எங்களுக்கு முன்பே வெளியுலகம் அதைச் செய்திருந்தது. 2004-லிருந்து போட்டி ஆட்டத்துக்கு விதி வகுக்கும் ஸ்மோகன் அமைப்பு, பிளேசிகனை ஐந்தாம் தலைமுறையில் பொது ஆட்டத்திலிருந்து விலக்கி, உபர்ஸ் என்ற மேல்தட்டுக்கு அனுப்பிவிட்டது. அங்கே கடவுளர் மாதிரியான உருப்படிகளுக்கு நடுவே அது இன்னொரு சேவல், அவ்வளவுதான். ஒரு தொடக்கக் குஞ்சு, ஆட்டத்தின் முதல் பத்து நிமிடத்தில் சிறுவர்களின் கையில் கொடுக்கப்படுவது, பொதுக்களத்துக்கு ஆகாதது என்று ஒதுக்கப்பட்டது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இதை அப்புச்சியிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. வரிசையாக ஜெயித்த சேவலுக்குக் களத்தில் ஜோடி கிடைக்காது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு போனாலே மற்றவர்கள் தங்கள் சேவலைத் துண்டால் மூடிக்கொள்வார்கள். அவரிடமும் ஒரு செங்கருப்பு அப்படி இருந்தது. அடுத்த பொங்கலுக்குப் பொழுதுசாயும் வரை தூக்கிக்கொண்டு சுற்றியும் எவனும் ஜோடிக்கு வரவில்லை. கயிற்றை அவிழ்த்து இனத்துக்காகப் பெட்டைகளோடு விட்டுவிட்டார். "அதுவும் பெட்டை நல்லதா அமைஞ்சாத்தான். சாவலு சண்டை தாய்வழி" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐந்தாம் தலைமுறை ஆட்டத்தில் மறைவுத் திறன் குஞ்சுக்கு இறங்குவது தாயிடமிருந்து மட்டும்தான். எட்டுக்கு ஒன்றே பெட்டையாகப் பிறக்கிற இனத்தில், ஸ்பீடு பூஸ்ட் உள்ள பெட்டை கிடைப்பதுதான் வளர்ப்பவர்களுக்குப் பெரும்பாடு. இந்த விதியை ஜப்பானில் எழுதியவர் எந்த அப்புச்சியிடம் கேட்டுவிட்டு எழுதினாரோ.

2013 அக்டோபரில் எக்ஸ், ஒய் பாகங்கள் வந்தபோது ஸ்பீடு பூஸ்ட் உள்ள டார்ச்சிக்கையே அன்பளிப்பாகக் கொடுத்தார்கள், கூடவே மெகா உருவம் எடுக்கும் கல்லையும். தடை தொடர்ந்தது. எட்டாம் தலைமுறையில்தான் பொதுக்களத்துக்குத் திரும்பியது. சேவல் ஒன்றும் மெலிந்துவிடவில்லை. மெகா கல் போய்விட்டது, சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் வேகமாகவும் தடிமனாகவும் ஆகிவிட்டார்கள். கால் உதைக்குக் குளோஸ் காம்பாட் வந்தது. குறி தவறாது, தரையில் விழ வேண்டாம், பதிலுக்குத் தன் தடுப்பு குறையும். ஆடுவதற்கு இதுவே புத்திசாலித்தனம். எனக்கு அந்தப் பழைய உதைதான் பிடிக்கும். விழுந்தால் பாதி உயிர் போகும் என்று தெரிந்து எம்புவதில் ஒரு இது இருக்கிறது.

நடுவில் 2016 டிசம்பரில் ஜியோவோடு சேர்ந்து போக்கிமான் கோ இந்தியாவுக்கு வந்தது. 2019 மே மாதம் டார்ச்சிக்குக்கென்று ஒரு நாள் ஒதுக்கியபோது சேலம் அண்ணா பூங்காவில் கொளுத்தும் வெயிலில் நாங்கள் போனை நீட்டிக்கொண்டு சுற்றினோம். குழந்தைகளைக் கூட்டி வந்தவர்கள் எங்களைப் பார்த்து ஒதுங்கிப் போனார்கள். அதில் பிளேசிகன் ஆக்கிப் பார்த்ததோடு சரி. அந்த ஆட்டத்தில் மறைவுத் திறனும் இல்லை, வேகம் என்ற கணக்கும் இல்லை. திரையைத் தட்டுகிற விரல்தான் வேகம். நின்று வளரத் தெரியாத பிளேசிகன் எனக்கு வெறும் சிவப்புப் பொம்மை.

இப்போது ஒன்பதாம் தலைமுறை. 2023 டிசம்பரில் சேவல் மறுபடி சேர்க்கப்பட்டது. அக்கா பையன் நாமக்கல் பக்கம் ஒரு தங்கும் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறான். பிராய்லர் பள்ளி என்று எல்லோரும் சொல்வார்களே, அந்த வகை. காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்து இரவு வரை தேர்வு. லீவுக்கு வந்தால்தான் போன் கைக்கு வரும். போன லீவில் நான் சென்னையில், அவன் பரமத்தி வேலூர் வீட்டில், ஷோடவுனில் ஒரு ஆட்டம் போட்டோம். அவன் அணியைக் காட்டியபோது ஆறில் ஒன்று பிளேசிகன். என்னுடையதிலும்.

இரண்டு பேரும் முதலிலேயே சேவலை இறக்கினோம். முதல் டர்ன், அவன் ப்ரொடெக்ட். நானும் ப்ரொடெக்ட். இரண்டு சேவல்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன, இரண்டுக்கும் ஒரு படி வேகம் ஏறியது. "மாமா, என்ன பண்றீங்க?" என்று எழுதினான். நான் பதில் எழுதாமல் சேவலை உள்ளே எடுத்துக்கொண்டு ஸ்லோப்ரோவை விட்டேன். அவன் ஃபிளேர் பிளிட்ஸ் அடித்தான். ஸ்லோப்ரோ தண்ணீர், சூடு பாதிதான் ஏறியது, அடித்த வலியில் மூன்றில் ஒரு பங்கு அவன் சேவலுக்கே திரும்பியது. அதன் வேகம் மட்டும் இரண்டு படியாகி 518-ல் நின்றது. இனி அவன் அதை உள்ளே எடுத்தால் அத்தனையும் போகும், எடுக்காவிட்டால் என் தண்ணீர் விழும்.

அவன் வெகுநேரம் யோசித்தான். திரையின் ஓரத்தில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. "அம்மா கூப்பிடறாங்க, ஆனா இருங்க, போயிடாதீங்க" என்று எழுதினான். பிறகு சேவலை உள்ளே எடுத்துக்கொண்டான்.